கண்டக்டரம்மா இறங்கிய இடம்

என் கணவரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், பஸ் கண்டக்டர். கடலை ஒட்டிக் காட்டுக்குள் போகும் ஒரே ரோட்டில், ஒரே வழித்தடத்தில், வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை டிக்கெட் கிழித்தவர். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "யாராவது ஏறினாத்தானே?" என்பார். டிப்போவுக்கு மேலே ஒரு வாடகை அறை. கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். யாராவது பார்க்க வந்தால் வந்தவர் கட்டிலில் உட்கார வேண்டும், இவர் படிக்கட்டில் நிற்க வேண்டும்.

எப்போதாவது லீவு கிடைத்தால் எங்கள் வீட்டுக்கு வருவார். வந்த அன்றைக்கே வீடு பஸ்ஸாகிவிடும். சமையலறை வாசலில் யாராவது நின்றால், "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு" என்று குரல் கொடுப்பார். பாத்ரூமில் கொஞ்சம் நேரம் கூடினால் கதவைத் தட்டி, "எறங்கறவங்க சீக்கிரம் எறங்குங்க" என்பார். பக்கத்து வீட்டு நாய்கூட அவர் குரல் கேட்டதும் ஓரமாக ஒதுங்கி உட்காரும். நானோ பல் டாக்டரிடம் வரவேற்பில் இருப்பவள். வலியோடு வருகிறவர்களை "கொஞ்சம் உக்காருங்க, கூப்பிடுவாங்க" என்று மெதுவாகச் சொல்லி உட்கார வைப்பதுதான் என் பிழைப்பு. சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் ஃபேன் சத்தம் தவிர வேறு சத்தம் கேட்கக் கூடாது எனக்கு. அண்ணிக்கும் எனக்கும் எப்படி ஒத்துப்போகும், சொல்லுங்கள்.

அண்ணி ஓய்வு பெற்றதும் என் கணவர், "இனிமே அக்கா நம்மகூடத்தான்" என்று அறிவித்துவிட்டார். சின்ன அறையை ஒழித்தோம். என் தையல் மெஷின் கூடத்துக்கு வந்து, போகிற வருகிறவர்களின் முட்டியை எல்லாம் இடித்துக்கொண்டு நின்றது. சொந்த நாத்தனாரை வேண்டாம் என்று சொல்லும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை. வாருங்கள் என்று வாய் நிறையச் சொல்லும் அளவுக்கு நல்லவளும் இல்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைத் துடைத்தேன்.

அண்ணி போனில் ஒரு நிபந்தனை போட்டார்.

"வரேண்டா தம்பி. வாக்கு குடுத்தா குடுத்ததுதான். ஆனா அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு வேலை இருக்கு. இத்தனை வருஷமா அந்த ரோட்டுல போயிட்டு வந்துட்டு இருந்தேன். ஒரு ஸ்டாப்புல கூட எறங்கினதில்ல. காத்தாடற மரத்தையும் எறங்கிப் போற முதுகையும் பாத்ததோட சரி. ஒரு தடவை எறங்கி நடந்துட்டு வந்துடறேன்."

என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீ போய் கூடவே இருந்து கையோட கூட்டிட்டு வந்துடு. விட்டா மனசு மாறிடுவாங்க" என்று என்னை அனுப்பினார். யார் மனசு மாறினால் யாருக்கு லாபம் என்று நினைத்துக்கொண்டே பெட்டியை அடுக்கினேன்.

அண்ணி நடக்கப் போனது சும்மா அல்ல. அந்த ரோட்டுக்குக் கீழே, மரங்களுக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு ஒற்றையடிப் பாதை போகிறது. புயல் முடிந்ததும் தன்னார்வலர்கள் சேர்ந்து அதைச் சுத்தம் செய்வார்கள். விழுந்த கிளைகளை அகற்றுவது, மணலில் ஒதுங்கிய வலைத் துண்டுகளையும் பாட்டில்களையும் பொறுக்குவது, பெயர்ந்த படிகளை மறுபடி பதிப்பது. பாதை ஒவ்வொரு பஸ் ஸ்டாப்பிலும் மேலேறி ரோட்டைத் தொடும். பாதையில் வேலை செய்தவர்களுக்கு அந்தந்த ஸ்டாப்பில் இருப்பவர்கள் சோறு போட்டுப் படுக்க இடம் கொடுப்பார்கள். யார் எவர் என்று கேட்பதில்லை. கையில் மண் இருந்தால் போதும்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவி, மரம் அறுக்கும் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு விசிலடித்தபடி நடக்கும் ஒரு பெண். எல்லோரும் கேப்டன் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு மருந்துக்கடைக்காரர், குனிந்தால் நிமிர முடியாதவர், ஆனாலும் குனிந்துகொண்டே இருப்பவர். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி. சாமான்கள், சாப்பாடு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் காத்திருக்கும் வேனை ஓட்டியவர் அண்ணியின் பழைய டிரைவர். அதே பஸ்ஸை அண்ணியோடு ஓட்டியவர், அண்ணிக்குக் கொஞ்சம் முன்னால் ஓய்வு பெற்றவர்.

முதல் நாளே என் குதிகாலில் கொப்புளம். மரங்கள் அடர்ந்த இடத்தில் ஈரம் ஷூவுக்குள் இறங்கியது. வேர் தடுக்கியது, கிளை முகத்தில் அடித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்து, இனி ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன் என்றேன். அண்ணி பையிலிருந்து தன் காக்கிச் சட்டையை எடுத்தார், பல்லால் கடித்து நீளமாகக் கிழித்தார், என் காலை மடியில் வைத்துக் கட்டினார்.

"ஐயோ, யூனிஃபார்மை போயா கிழிச்சீங்க?"

"இனி இத போட்டுக்கிட்டு யாருக்கு டிக்கெட் குடுக்கப் போறேன்? சும்மா கெடக்கறதுக்கு உன் காலுக்காவது ஆகட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. காலுக்காகவா சட்டைக்காகவா என்று சொல்லத் தெரியவில்லை.

அண்ணியோ சின்னப் பெண்ணாகிவிட்டார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பாதையிலிருந்து ரோட்டுக்கு ஏறியதும், சுற்றி ஒரு பார்வை பார்ப்பார். "ஓகோ, இந்த வளைவுக்குப் பின்னாடி ஒரு ஓடை இருக்கா? சத்தம் மட்டும் கேக்கும், பஸ்சுக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்பார். வீடுகளில் அவரைப் பார்த்ததும் "கண்டக்டரம்மா!" என்று கூச்சல். அவருக்கு ஒருவர் பெயரும் தெரியாது, அவர் பெயரும் யாருக்கும் தெரியாது. ஆனால் எல்லாம் தெரியும். "நீங்க தூங்கிட்டு ஸ்டாப்ப விட்டுடுவீங்களே, இப்ப ராத்திரி தூக்கம் வருதா?" என்று ஒருவரைக் கேட்டார். "பரீட்சைக்குப் போறப்ப அழுதுட்டே போவியே, பாஸ் பண்ணிட்டியா?" என்று இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண்ணைக் கேட்டார். பாஸ் பண்ணி, டீச்சராகி, அந்த வேலையையும் விட்டாகிவிட்டது என்று அவள் சொல்ல, அண்ணி ஏதோ தன் மகள் விட்ட மாதிரி கோபப்பட்டார்.

ஒன்று மட்டும் அவருக்கு வரவில்லை. உட்கார. நாற்காலியை இழுத்துப் போட்டால், "பரவால்ல, பரவால்ல" என்று சுவரில் சாய்வார். காலை அகட்டி வைத்து, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் தட்டை ஏந்திச் சாப்பிடுவார். வீடு எந்த நிமிஷமும் கிளம்பிவிடும் என்பது போல. சோறு போட்டவர்களுக்குச் சங்கடமாக இருக்கும். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. இரண்டு மூன்று வீடு கடந்ததும் சிரிப்பு வரவில்லை. பாவம், இந்த மனுஷி வேறொருவர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டதே இல்லையோ என்று பட்டது. எங்கள் வீட்டிலும் நின்றுதான் சாப்பிடுவார். நான் ஒரு தடவைகூட உட்காரச் சொன்னதில்லை, அதுவும் அப்போதுதான் உறைத்தது. ஊரில் இருக்கும் அத்தனை பல்வலிக்காரர்களையும் உட்காரச் சொல்பவள் நான்.

பிறகுதான் அந்தக் கூத்து நடந்தது.

பாதையின் மோசமான பகுதி அது. காலையிலிருந்து இடுப்பொடியக் கிளை இழுத்துவிட்டு, பசியோடு ரோட்டுக்கு ஏறினோம். கிட்டத்தட்ட ஆளே இறங்காத ஒரு ஸ்டாப். வேன் நின்றுகொண்டிருந்தது. வானம் கறுத்து, இதோ கொட்டப்போகிறேன் என்று மிரட்டியது. கத்தி, கடப்பாரை, மெஷின், நாங்கள் கழற்றிய மழைக்கோட்டு, போன் வைத்திருந்த பை எல்லாவற்றையும் பின்பக்கம் ஏற்றினோம். அடுத்து நாங்கள் ஏற வேண்டியதுதான். மருந்துக்கடைக்காரர் முதுகை நிமிர்த்துகிற முயற்சியில் இருந்தார். புது ஜோடி ஒருவர் தலையிலிருந்து ஒருவர் இலை எடுத்துக்கொண்டிருந்தது. அண்ணி பின்கதவைச் சாத்தினார். டிரைவர் எஞ்சினை முடுக்கி ஒரு ஹாரன் கொடுத்தார்.

அவ்வளவுதான். அண்ணியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. ஓய்வு பெற்ற பிறகும் கழற்றாத விசில் வாய்க்குப் போனது. இரண்டு ஊதல். வேனின் பக்கவாட்டில் பளார் என்று ஒரு தட்டு. "போலாம் ரைட்!"

வேன் போய்விட்டது.

அந்த விசிலுக்குக் கிளம்பிக் கிளம்பிப் பழகின கால், ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டது. டிரைவர் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எங்கள் சோறு, எங்கள் கோட்டு, எங்கள் போன் எல்லாம் வளைவில் திரும்பி மறைந்தன. நாங்கள் ரோட்டில் வரிசையாக நின்றோம். எல்லோரும் அண்ணியைப் பார்த்தோம். விசில் இன்னும் அவர் வாயில் இருந்தது. மழை கொட்டத் தொடங்கியது.

முதலில் சிரித்தது கேப்டன். பிறகு ஜோடி. மருந்துக்கடைக்காரர் சிரித்ததில் முதுகு நிமிர்ந்துவிட்டது. நான் மட்டும் சிரிக்கவில்லை. பசி, கொப்புளம், மழை. "உங்க விசில தூக்கி கடல்ல போடுங்க அண்ணி!" என்று கத்தினேன். அவர் முகம் சுண்டிப்போனது. சொன்ன மாத்திரத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

ரோட்டுக்கு மேலே, மரங்களுக்கு நடுவில் ஒரு தகரக்கூரை தெரிந்தது. ஓடினோம். கதவைத் திறந்தவர், முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட ஓர் அம்மாள், அண்ணி வயசு. காட்டு மரங்களின் நாற்றுகளை வளர்த்து டவுனுக்குக் கொண்டுபோகும் நாற்றுக்காரம்மா. அண்ணியைப் பார்த்ததும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"ஆகா, யாரு வந்திருக்காங்க பாரு! 'இது பஸ்ஸா, தோட்டமா? செடிய எல்லாம் டாப்புல ஏத்து'ன்னு தெனம் என்கிட்ட சண்ட போட்ட மகராசியா?"

அண்ணி தலை குனிந்து வாசலிலேயே நின்றார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"அங்கயே நின்னா எப்படி? உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் இருக்கு!" என்று நாற்றுக்காரம்மா அண்ணியின் குரலிலேயே சொன்னார். அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே உள்ளே விழுந்தோம்.

வீடா அது! ஜன்னல் விளிம்பில், அலமாரியில், படிக்கட்டில், கைப்பிடி உடைந்த டீக் கோப்பைகளில் எல்லாம் செடி. நாற்காலிமேல் ஒரு பூனை, அதன் பக்கத்தில் ஒரு செடி. இருந்த துணியை எல்லாம் எடுத்து எங்களுக்கு மாற்றக் கொடுத்தார். மருந்துக்கடைக்காரர் பூப்போட்ட நைட்டியில் கம்பீரமாக உட்கார்ந்து டீ குடித்தார். பெரிய பாத்திரத்தில் சுடச்சுடச் சோறு, வறுத்த மீன். மூக்கு முட்டச் சாப்பிட்டோம். அண்ணி வழக்கம்போலக் கதவு நிலையைப் பிடித்தார். நாற்றுக்காரம்மா தட்டைத் தரவில்லை.

"உக்காந்தாத்தான் சோறு."

"பரவால்லங்க, நான் நின்னுக்கிட்டே..."

"இது ஓடற வண்டி இல்ல. உக்காருங்க."

அண்ணி பூனையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். உட்கார்ந்து, சாவகாசமாக, இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

சாப்பாடு முடிந்து வெகுநேரம் கழித்து வேன் திரும்பி வந்தது. டிரைவர் அடுத்த ஸ்டாப்பில் இறங்கி, பின்கதவைத் திறந்து, "எறங்குங்க" என்று கடப்பாரைகளிடம் சொல்லியிருக்கிறார். அதுவரைக்கும் வழியெல்லாம் எங்களுக்குப் பழைய கதை சொல்லிக்கொண்டே ஓட்டினாராம். யாரும் சிரிக்கவில்லையே என்று கொஞ்சம் வருத்தமாகவும் இருந்ததாம்.

"பின்னாடி ஒரு தடவை பாத்திருக்கலாம்ல?" என்றார் அண்ணி.

"உங்க விசிலுக்கு அப்புறம் நான் என்னிக்குப் பின்னாடி பாத்திருக்கேன்? விசில் குடுத்தீங்க, எடுத்தேன். என் மேல தப்பே கெடையாது." இப்படிச் சொல்லிவிட்டு அவரும் சோற்றுக்கு உட்கார்ந்தார்.

மழை விட்டதும் கிளம்பியிருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்த்தோம். சரிவில் புயல் மரங்களை வேரோடு பிடுங்கிப் போட்டிருந்தது. சிவப்பு மண் வாய் பிளந்து கிடந்தது. இப்படியே விட்டால் அடுத்த மழைக்குச் சரிவே இறங்கி, பாதையையும் ரோட்டையும் மூடிவிடும் என்றார் கேப்டன். நாற்றுக்காரம்மாவிடம் வேண்டிய நாற்று இருந்தது, நடுவதற்குத்தான் ஆளில்லை. தங்கினோம். நாள் முழுக்கக் குழி, நாற்று, மண். அண்ணிக்கு மண் நிரப்பும் வேலை. நீள மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, பைகளில் மண்ணைத் தட்டித் தட்டி நிரப்பினார். பக்கத்தில் நாற்றுக்காரம்மா. இரண்டு பேரும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை சண்டை போட்டார்கள். பஸ்ஸில் இடம் விடாத கதையில் ஆரம்பித்து, மண்ணை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதுவரை ஒன்றுக்கும் ஒத்துப்போகவில்லை. அவ்வளவு சந்தோஷமான சண்டையை நான் கேட்டதில்லை.

சாயந்திரங்களில் அண்ணியும் நானும் கடலுக்கு இறங்குவோம். அலையில் காலை விட்டுக்கொண்டு நிற்போம். குரலை உயர்த்தாமலும் அவருக்குப் பேசத் தெரியும் என்று அங்கேதான் கண்டுபிடித்தேன். கடல் சத்தத்தோடு போட்டி போட முடியாது என்று விட்டுவிட்டாரோ என்னவோ. நான் என் வேலையைப் பற்றிச் சொன்னேன், பிள்ளை விடுதிக்குப் போனபின் வீடு வெறிச்சென்று கிடப்பதைச் சொன்னேன். என் கணவரிடம்கூட அதைச் சொன்னதில்லை. அண்ணி கட்டிலை ஜன்னல் பக்கம் போடலாமா, சுவர் பக்கம் போடலாமா என்று மனசுக்குள் நான் யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

கேப்டனும் மற்றவர்களும் அடுத்த ஸ்டாப்புக்குக் கிளம்பிய காலை, அண்ணி மேசையை விட்டு எழவில்லை. மண்ணைத் தட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"அந்தம்மா என்னைய இங்கயே இருக்கச் சொல்றாங்க. வேலைக்கு இல்ல, கூட இருக்க. மேல ஒரு சின்ன வீடு சும்மாதான் கெடக்கு. ஒரு ரூம், ஒரு சமையல்கட்டு, முன்னாடி கொஞ்சம் எடம். ஆனா தம்பிகிட்ட வரேன்னு வாக்கு குடுத்திருக்கேன். நீ வான்னு சொன்னா இப்பவே மூட்டைய கட்டறேன். நீ என்ன சொல்ற?"

இந்த ஒரு கேள்விக்காக நான் வேண்டாத தெய்வமில்லை. வாயைத் திறந்து, "உங்க இஷ்டம் அண்ணி" என்று சொன்னால் முடிந்தது. தையல் மெஷின் பழைய இடத்துக்குப் போகும், வீட்டில் ஃபேன் சத்தம் மட்டும் கேட்கும்.

"வாங்க அண்ணி," என்றேன். குரல் உடைந்துவிட்டது. "நம்ம வீட்டுக்கு வாங்க. எனக்கு நீங்க வேணும்."

அண்ணி கையை நிறுத்தினார். "நெஜமாத்தான் கூப்பிடறியா?"

"நெஜமாத்தான்."

"மொதல்ல வேணாம்னுதானே நெனச்ச?"

"ஆமா. அப்ப வேணாம்னுதான் நெனச்சேன். இப்ப வேணும்."

அண்ணி முகம் முழுக்கச் சிரித்தார்.

"போதும். நான் வரல."

"என்னது?"

"என்னைய வேணாம்னு நெனக்கிறவ வீட்டுக்கு வராம இருந்தா, காலத்துக்கும் அது ஒரு பொல்லாப்பாயிடும். உனக்கும் உறுத்தும், எனக்கும் உறுத்தும். அதனால வந்தே ஆகணும்னு இருந்தேன். வேணும்னு கூப்பிடறவ வீட்டுக்கு எப்ப வேணா வரலாம். இப்பவே வந்தாகணும்னு என்ன இருக்கு?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இது எந்த ஊர் நியாயம் என்று கத்தினேன். நாற்றுக்காரம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வேளையாகத் தலையை இழுத்துக்கொண்டார். கத்தி முடித்ததும் அழுதேன்.

சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு அண்ணியோடு ஏறிப் போய் என் கணவருக்குப் போன் போட்டேன். "அக்கா வரல" என்றேன். "நீ ஒழுங்கா கூப்பிட்டிருக்க மாட்ட" என்றார் அவர். நம்ப மாட்டார் என்று தெரியும். எப்படி நம்புவார்? என்னை அறிந்தவர்தானே. அண்ணி போனைப் பிடுங்கி, பஸ்ஸின் கடைசி சீட்டுவரை கேட்கும் பழைய குரலில், "டேய், அழுதுகிட்டு கூப்பிடறா உன் பொண்டாட்டி. நான்தான் மாட்டேன்னேன். அவள ஏதாவது சொன்ன, ஒதை வாங்குவ" என்று சொல்லிவிட்டு என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

உடனே கிளம்ப மனசு வரவில்லை. டாக்டரைக் கூப்பிட்டு லீவை நீட்டினேன். அவர் கத்தினார், கத்தட்டும் என்று விட்டேன். அந்தச் சின்ன வீட்டைப் பெருக்கி, கழுவி, கட்டிலை ஜன்னல் பக்கம் போட்டோம். கதவு முழுசாகத் திறந்தது. மதியம் அண்ணி அடுப்பு பற்றவைத்து, தானே சமைத்தார். உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. உதவிக்குப் போனால் விரட்டினார்.

"நீ உக்காரு. இத்தன வருஷத்துல என் வீட்டுக்கு வான்னு நான் யாரையும் கூப்பிட்டதில்ல. கூப்பிட எடமில்ல. நீதான் மொத விருந்தாளி."

தட்டை என் முன்னால் வைத்து, நான் ஒரு வாய் வைக்கும்வரை பக்கத்திலேயே நின்று பார்த்தார். நல்லா இருக்கு அண்ணி என்றேன்.